பெரியப்பா கெண்டைக்கால்ல ஒரு மாதுளம்பழம்

எங்க பெரியப்பா வீட்டுக்கு வந்தா நேரா அடுக்களைக்குத்தான் போவாரு, என்ன கொழம்புன்னு சட்டியத் தொறந்து பாத்துட்டுத்தான் உக்காருவாரு. அன்னைக்கு ஞாயித்துக்கிழம வந்தவரு அந்தப் பக்கமே போகல. திண்ணையிலயே உக்காந்துட்டாரு, அம்மா குடுத்த காபிய ஆடை படியிற வரைக்கும் கையிலயே வச்சிருந்தாரு. அம்மா உள்ள போன ஒடனே, "ஏட்டி, ஒனக்கு ஒண்ணு காட்டணும், ஒங்கம்மைக்குத் தெரியக்கூடாது"ன்னு மெதுவா சொல்லிட்டு வேட்டிய முட்டிக்கு மேல தூக்குனாரு.

இடது கெண்டைக்கால், வெளிப்பக்கம். ஒரு தட்டப்பயறு அளவுக்கு, கன்னங்கரேல்னு, லேசா மேல எழும்பி, தொட்டா சொரசொரன்னு ஒரு புள்ளி. ரெண்டு மூணு வருஷமா அங்கதான் இருந்திருக்கு, அப்ப சின்னதா செவப்பும் நாவப்பழக் கலருமா இருந்துச்சாம், இவரும் மச்சம்னு விட்டுட்டாரு. நாலு மாசத்துக்கு முன்னாடி கயித்துக் கட்டில் சட்டத்துல இடிச்சி ரத்தம் வந்திருக்கு, நின்னிருக்கு, அதுக்கப்புறம் கருப்பா மாறி கொஞ்சம் பெருசாவும் ஆயிருக்கு. இத டீக்கடையில அவரு சேக்காளி ஒருத்தருகிட்ட காட்டியிருக்காரு. அவரு ஒரு பார்வ பாத்துட்டு, "மச்சம் பெருசாயி ரத்தம் கசிஞ்சா அது கேன்சருடே"ன்னுட்டாரு. பேரன் செல்லுல வேற படம் போட்டுக் காட்டியிருக்கான். அப்புறம் என்ன, மனுசன் நாலு மாசமா யாருகிட்டயும் சொல்லாம, ராத்திரி தூங்காம, வயக்காட்ட ரெண்டு பசங்களுக்கும் பிரிச்சு எழுதுறதுக்கு பத்திர ஆபீஸ் வரைக்கும் போயி விசாரிச்சுட்டு வந்திருக்காரு.

நான் தோல் டாக்டர். இந்தத் தெருவுல எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். நாலு மாசம்!

சரி, திட்டுறத அப்புறம் வச்சுக்கலாம்னு குனிஞ்சு பாத்தேன். உண்மையச் சொல்லணும்னா எனக்கும் வயித்துல ஒரு கலக்கு கலக்குச்சு, ஏன்னா அந்த டீக்கடை சேக்காளி சொன்னது முழுசா தப்பு இல்ல. ஒரு கருப்புப் புள்ளி வளருது, கலர் மாறுது, ரத்தம் வருதுன்னா மெலனோமான்னு, அதாவது கருப்பு நிறமி செல்லுல வர்ற தோல் கேன்சர்னு, சந்தேகப்படணும்னுதான் எங்களுக்கும் சொல்லிக்குடுத்திருக்காங்க. நம்ம மாதிரி கருத்த தோல்காரங்களுக்கு மெலனோமா அபூர்வம்தான், ஆனா வராமலே இருக்காது, வந்தா பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில. பாப் மார்லிக்கு கால் கட்டைவிரல் நகத்துக்கு அடியிலதான் வந்துச்சு, 1977-ல கண்டுபுடிச்சாங்க, 1981-ல 36 வயசுல போயிட்டாரு. கெண்டைக்கால்ல வராதுன்னு எவனும் எழுதிக் குடுக்கல. வெறும் கண்ணால பாத்து "ஒண்ணும் இல்ல பெரியப்பா"ன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

இப்படி வெறும் கண்ண நம்பி நான் ஒரு தடவ சூடு பட்டிருக்கேன். பிஜி படிக்கும்போது, எந்த ஊருன்னு வேணாம், ஒரு பொண்ணு வந்தா. கல்யாணத்துக்கு ரெண்டு மாசம் இருக்கு, தோள்பட்டையில இதே மாதிரி ஒரு கருப்புப் புள்ளி, புதுசா வந்துச்சுங்குறா. அப்ப எங்க டிபார்ட்மென்ட்ல தோல பெருசாக்கிப் பாக்குற லென்ஸ், டெர்மோஸ்கோப், ஒண்ணே ஒண்ணு, அதுவும் பீரோவுக்குள்ள, சாவி யாருகிட்ட இருக்குன்னு கேட்டுக் கேட்டே ஓபி முடிஞ்சிரும். ரிஸ்க் வேண்டாம்னு சுத்தி கொஞ்சம் நல்ல தோலையும் சேத்து கண்ணு வடிவத்துல வெட்டி, அஞ்சு தையல் போட்டு அனுப்புனேன். பயாப்ஸியில ஒண்ணும் இல்ல, வெறும் ரத்தக்குழாய் விரிஞ்ச கட்டி, ஆஞ்சியோகெரட்டோமா. சந்தோஷம்தான். ஆனா தோள்பட்டைங்குறது தழும்பு மேல தழும்பு வளர்ற எடம், கீலாய்டுன்னு சொல்லுவோம். அந்தப் பொண்ணு ஆறு மாசம் கழிச்சு வந்தா, புள்ளி இருந்த எடத்துல சுண்டுவிரல் நீளத்துக்கு செவந்து தடிச்சு ஒரு கம்பளிப்பூச்சி மாதிரி தழும்பு, அரிக்குதுங்குறா, ஜாக்கெட் உரசுனா வலிக்குதுங்குறா. அவ கோவமே படல, அதுதான் எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. அந்தப் பீரோ சாவிய மட்டும் அன்னைக்குத் தேடிப் புடிச்சிருந்தா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிருக்க வேண்டிய விஷயம்.

வேலைக்குச் சேந்து நான் வாங்குன மொத பெரிய பொருளு அதான், தங்கம் இல்ல, டெர்மோஸ்கோப். அம்மா இன்னும் அதச் சொல்லிக் காட்டுவாங்க.

பாக்குறதுக்கு ஒண்ணுமில்ல, நகைக்கடையில கண்ணுல மாட்டிக்கிட்டு கல்லு பாப்பாங்களே அந்த லென்ஸோட பெரியண்ணன்னு வச்சுக்கங்க. பத்து மடங்கு பெருசாக் காட்டும், சுத்தி சின்னச் சின்ன எல்இடி லைட்டு. ஆனா பெருசாக் காட்டுறது மட்டும் அதோட வேல இல்ல. தோல் மேல விழுற வெளிச்சத்துல ஒரு பங்கு மேல்தோல்லயே பட்டு கண்ணாடி மாதிரி திரும்பிரும், அந்தக் கண்கூச்சத்துலதான் நமக்கு உள்ள இருக்குறது தெரியுறதில்ல. கம்மாத் தண்ணிக்கு அடியில மீனு இருக்கும், மேல வெயிலு பட்டு மினுங்குறதுல தெரியாது பாத்தீங்களா, அதே கததான். மினுக்கத்த எடுக்க ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, தோலுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல எண்ணெயோ ஸ்பிரிட்டோ ஸ்கேன் ஜெல்லோ தடவுறது. இன்னொண்ணு போலரைஸ்டு லைட்டு, பட்டன அமுக்குனாப் போதும், எதுவும் தடவ வேணாம், தொடவும் வேணாம். எண்ணெய் தடவிப் பாக்குற ஐடியா 1893-லயே ஜெர்மனிக்காரரு உன்னாங்குறவரு சொன்னது, ஸஃபியர்னு ஒருத்தரு 1920-ல இதுக்கு டெர்மட்டோஸ்கோப்பின்னு பேரு வச்சாரு. நூறு வருஷத்துக்கு மேல பழசான டெக்னிக் நம்ம ஊரு பீரோவுக்குள்ள பூட்டிக் கெடந்துச்சு, என்ன சொல்ல.

பெரியப்பாவ உள்ள கூட்டிட்டுப் போயி கட்டில்ல குப்புறப் படுக்க வச்சேன். அம்மா என்னாச்சுன்னு கேக்க, கால்வலின்னுட்டோம். மொதல்ல ஜெல் இல்லாம சும்மா வச்சுப் பாத்தேன், மேல காஞ்சு போன செதிலு, வெள்ள வெள்ளையா உரிஞ்சு நிக்குது, நடுவுல ரத்தம் காஞ்ச பொருக்கு, அவ்ளோதான், கருப்பு கருப்பாவே தெரியுது. நெஞ்சு திக்குன்னுச்சு. அப்புறம் ஜெல்ல வச்சு, உள்ள மாட்டுன காத்துக் குமிழிய ஓரத்துக்குத் தள்ளிட்டு, லென்ஸ ரொம்ப மெதுவா, அழுத்தாம வச்சேன். இந்த அழுத்தாமங்குறது முக்கியம், புதுசா படிக்க வர்ற பசங்க எல்லாம் ஸ்டாம்பு குத்துற மாதிரி குத்துவாங்க, அப்ப ரத்தக்குழாய்ல இருக்குற ரத்தம் எல்லாம் ஓரமாப் போயி குழாயே கண்ணுக்குத் தெரியாமப் போயிரும். அதுக்குத்தான் ஜெல்லு, கெட்டியா நிக்கும், அழுத்தத் தேவையில்ல.

பாத்தா, அந்த ஒத்தக் கருப்பு அப்படியே ஒடைஞ்சு போச்சு. அது ஒரு புள்ளியே இல்ல. உருண்ட உருண்டையா, ஒண்ணோட ஒண்ணு ஒட்டுன மாதிரி பத்துப் பன்னெண்டு குட்டை. ஒவ்வொண்ணுக்கும் தெளிவா ஒரு கர. நடுவுல இருக்குறது கருநீலம், கொஞ்சம் தள்ளி இருக்குறது கத்திரிப்பூக் கலரு, கீழ் ஓரத்துல ரெண்டே ரெண்டு மட்டும் நல்ல ரத்தச் செவப்பு, மாதுள முத்து மாதிரி. மேல ஒரு எடத்துல பால ஊத்தித் தொடச்ச மாதிரி வெள்ளையா ஒரு படலம். சுத்தி தோல் லேசா செவந்திருக்கு. நம்ம தோல்ல அந்தச் செவப்பு பளிச்னு தெரியாது, பக்கத்து நல்ல தோலையும் இதையும் மாத்தி மாத்திப் பாத்தாத்தான் புடிபடும். நான் முக்கியமாத் தேடுனது இன்னொண்ண, பிக்மென்ட் நெட்வொர்க், அதாவது மச்சத்துலயும் நெறைய மெலனோமாலயும் தெரியுற மீன் வல மாதிரி பழுப்புக் கோடுங்க. இல்ல. வலையும் இல்ல, பழுப்புப் புள்ளிங்களும் இல்ல, ஓரத்துல கால் நீட்டுற மாதிரி கோடுங்களும் இல்ல.

எழுந்திரிங்கன்னேன். "என்னட்டி"ன்னாரு. "ரத்தம் பெரியப்பா. மச்சமே இல்ல."

இதக் கொஞ்சம் வெவரமாச் சொல்லணும், ஏன்னா இந்த ஒரு விஷயந்தான் என்ன இந்த லென்ஸ் மேல பைத்தியமா ஆக்குச்சு. தோல்ல கருப்புன்னு நாம பாக்குறது ரெண்டு பேரு வேல. ஒருத்தன் மெலனின், அதாவது தோலுக்குக் கலர் குடுக்குற நிறமி, இன்னொருத்தன் ரத்தம். ரெண்டு பேரும் வேஷம் போடுவாங்க. மெலனின் தோலோட மேல் செதில்ல இருந்தா கருப்பு, கொஞ்சம் கீழ எபிடெர்மிஸ்ங்குற மேல்தோல்ல இருந்தா பழுப்பு, அதுக்கும் கீழ டெர்மிஸ்ங்குற உள்தோல் ஆரம்பத்துல இருந்தா சாம்பல், ஆழத்துல போயிட்டா நீலம். ஒரே பொருளு, ஆழத்தப் பொறுத்து நாலு கலரு. ரத்தமும் அப்படித்தான், ஓடுற ரத்தம் மேலாப்புல இருந்தா செவப்பு, தேங்கி நின்னா ஊதா, ஒறஞ்சு கட்டியாச்சுன்னா கருப்பு. தூரத்துல இருந்து பாத்தா இவன் யாரு அவன் யாருன்னே தெரியாது.

ஆஞ்சியோகெரட்டோமாவுல நடக்குறது என்னன்னா, எபிடெர்மிஸுக்கு நேர் கீழ இருக்குற குட்டியூண்டு ரத்தக்குழாய்ங்க பலூன் மாதிரி விரிஞ்சுரும், அதுக்கு மேல இருக்குற தோல் காச்சுப் போன மாதிரி தடிச்சிரும். அந்த விரிஞ்ச குழாய்தான் லென்ஸ்ல குட்டை மாதிரி தெரியுது, லக்கூனான்னு பேரு. அதுல சிலது இடி பட்டு உள்ளயே ரத்தம் ஒறஞ்சிரும், அதுங்கதான் கருநீலக் குட்டைங்க. மேல தடிச்ச தோல்தான் அந்த வெள்ளப் படலம், இங்கிலீஷ்ல அதுக்கு வெயில்னு பேரு, தமிழ்ல எழுதுனா உச்சி வெயில் மாதிரி ஆயிருது, அதனால திரைன்னே வச்சுக்கலாம். 2007-ல ஸ்பெயின் டாக்டர்ங்க தலைமையில ஒத்தையா வர்ற ஆஞ்சியோகெரட்டோமா 32 எடுத்து இதையே எண்ணிப் பாத்தாங்க, கருத்த லக்கூனா 94 சதவீதத்துல இருந்துச்சு, வெள்ளத் திரை 91 சதவீதத்துல. பெரியப்பா கால்ல ரெண்டும் இருந்துச்சு, கூட செவப்பு லக்கூனாவும் ரத்தப் பொருக்கும். கட்டில்ல இடிச்சதுக்கப்புறம் கருத்துப் பெருசானதுக்கும் கணக்கு சரியா வருது.

செல்ல லென்ஸ் மேல வச்சு போட்டோ எடுத்துக் காட்டுனேன். கண்ணாடியப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாரு. "மாதுளம்பழத்த ஒடச்சு வச்ச மாதிரில்லா இருக்கு"ன்னாரு. நான் அதுவரைக்கும் அத மனசுக்குள்ள மட்டுந்தான் நெனச்சிருந்தேன், வாய் விட்டுச் சொல்லல.

இந்த மாதிரி ரத்த வேஷக்காரங்க இன்னும் நெறைய பேரு இருக்காங்க. அம்பது தாண்டுனவங்க வயித்தத் தூக்கிப் பாத்தா குங்குமப் பொட்டு வச்ச மாதிரி செவப்பு செவப்பாப் புள்ளி இருக்கும்ல, செர்ரி ஆஞ்சியோமா, நம்ம ஊர்ல ரத்த மச்சம்பாங்க. லென்ஸ்ல பாத்தா சுத்தமான செவப்பு லக்கூனா, வேற ஒண்ணும் இருக்காது, பாக்க அவ்ளோ அழகு. இதுக்கு கேம்பெல் டி மோர்கன் ஸ்பாட்டுன்னு ஒரு பழைய பேரும் உண்டு, லண்டன்ல மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியில இருந்த சர்ஜன். அவரே 1870கள்ல இதுக்கும் கேன்சருக்கும் தொடர்பு இருக்குன்னுதான் நெனச்சாரு. இல்லைன்னு அப்புறம் தெரிஞ்சுது. டீக்கடை சேக்காளிய நான் ரொம்பக் கேலி பண்ணாததுக்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம் வயசான ஆம்பளைங்களுக்கு விதைப்பையில கருஞ்செவப்பா மொளகு மொளகா வரும், ஃபோர்டைஸ்னு அமெரிக்கக்காரரு 1896-ல எழுதுனது, அதுவும் ஆஞ்சியோகெரட்டோமாதான். என்கிட்ட வர்றவங்க பொம்பள டாக்டருன்னு பாத்ததும் "தல முடி கொட்டுது"ன்னு ஆரம்பிச்சு கால் மணி நேரம் கழிச்சுத்தான், வேட்டியில ரத்தக்கற ஆகுதும்மான்னு விஷயத்துக்கு வருவாங்க. கெட்ட பழக்கத்துனால வந்துச்சோன்னு பயம். அதெல்லாம் ஒண்ணும் கெடையாது.

ஒத்தையா இருந்தா சிரிச்சுட்டு அனுப்பலாம். ஆனா ஒரு சின்னப் பையனுக்கு தொப்புள்ல இருந்து தொட வரைக்கும் கொத்துக் கொத்தா இதே புள்ளிங்க வந்தா நான் சிரிக்க மாட்டேன். கை கால் எரியுதா, வேர்வ வருதா, மூத்திரம் டெஸ்ட் பண்ணியாச்சான்னு கேள்வி மேல கேள்வி கேப்பேன், ஃபேப்ரி நோயான்னு பாக்கணும், ஒரு என்சைம் கொறைவு, கிட்னி ஹார்ட் வரைக்கும் போகும். லென்ஸ்ல தெரியுறது ரெண்டுலயும் ஒரே லக்கூனாதான். அதனால லென்ஸ எடுக்குறதுக்கு முன்னாடி சட்டையக் கழட்டச் சொல்லிப் பாக்கணும்.

குதிகால் கதையும் ஒண்ணு இருக்கு. போலீஸ் செலக்‌ஷனுக்கு தெனமும் ஓடிக்கிட்டிருந்த பையன், குதிகால் ஓரத்துல கரும்புள்ளின்னு வந்தான், உள்ளங்கால் மெலனோமான்னு நெட்ல படிச்சுட்டு வெளிறிப் போயி இருந்தான். லென்ஸ்ல கருஞ்செவப்புல கூழாங்கல்லு கூழாங்கல்லா ரேகை மேட்டுல வரிச பாத்து நிக்குது. மேட்டுல வரிசையா இருந்தா மெலனோமாவும் அப்படி இருக்கும், அதனால பயந்தான், ஆனா இது பழுப்புக் கோடு இல்ல, கூழாங்கல்லு. 15 நம்பர் பிளேட எடுத்து காச்ச தோல லேசாச் சீவுனேன், ரெண்டு நிமிஷத்துல புள்ளி பிளேடோட வந்துருச்சு. ஓடி ஓடி செதிலுக்குள்ள கசிஞ்சு காஞ்ச ரத்தம், அவ்ளோதான். பையன் சீவுன தோல பேப்பர்ல மடிச்சு வீட்டுக்கு எடுத்துட்டுப் போனான், எதுக்குன்னு தெரியல.

இப்படியே எழுதிட்டுப் போனா லென்ஸ் வச்சாப் போதும், எல்லாம் ஜெயந்தான்னு நெனச்சுருவீங்க. இல்ல. காய் நறுக்கும்போது விரல்ல கீறல் பட்டு, ரெண்டே வாரத்துல தக்காளித் துண்டு மாதிரி செவப்பா ஒரு கட்டி வளந்து தொட்டாலே ரத்தம் கொட்டுதுன்னு வருவாங்க பாருங்க, பயோஜெனிக் கிரானுலோமா, மாசமா இருக்குறவங்களுக்கு ஈறுல கூட வரும். பேருல இருக்குற மாதிரி சீழும் இல்ல, கிரானுலோமாங்குற வகைக் கட்டியும் இல்ல, பேர் வச்சவங்க ரெண்டையும் தப்பா வச்சுட்டாங்க. லென்ஸ்ல ஒரே செவப்பு, நடுவுல வெள்ள வெள்ளையாத் தண்டவாளம் மாதிரி கோடு, சுத்தி வெள்ளக் காலர். பாத்த ஒடனே இதுதான்னு எனக்கு வாயில வந்துரும். ஆனாலும் எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பாம விட மாட்டேன், ஏன்னா கலரே இல்லாத மெலனோமான்னு ஒண்ணு இருக்கு, அது இதே மாதிரி செவப்பா வந்து நிக்கும், லென்ஸ வச்சு இல்லைன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. அதே மாதிரி மொத்தமா ரத்தம் ஒறஞ்சு ஒரே கருப்பா, ஒரு செவப்பு லக்கூனா கூடத் தெரியாமப் போயிட்டா, அதுவும் கத்திதான். பெரியப்பாவுக்கு ஓரத்துல அந்த ரெண்டு மாதுள முத்து இல்லாமப் போயிருந்தா அன்னைக்கு எனக்கும் தூக்கம் வந்திருக்காது.

இன்னொண்ணு, யாரும் தயவு செஞ்சு வீட்டுல சுண்ணாம்பையும் வாஷிங் சோடாவையும் கொழச்சு மச்சத்து மேல வைக்காதீங்க. முடியக் கட்டி இறுக்காதீங்க. வெந்து புண்ணானதுக்கு அப்புறம் கொண்டு வந்தா லென்ஸ்ல எனக்கு வெந்த புண்ணுதான் தெரியும், அடியில என்ன இருந்துச்சுன்னு தெரியாது.

"அப்ப விட்டுரலாமாட்டி?"ன்னு கேட்டாரு. விடலாம், ஒண்ணும் பண்ணாதுன்னேன். ஆனா வேட்டி உரசி உரசி ரத்தம் வருதுன்னாரு, அவரு முகத்தப் பாத்தா அந்தக் கருப்பு அங்க இருக்குற வரைக்கும் டீக்கடையில நிம்மதியா டீ குடிக்க மாட்டாருன்னு தெரிஞ்சுது. மறுநாள் கிளினிக்ல மரத்துப் போற ஊசி போட்டு, மேலாக்கச் சீவி எடுத்து, அடிய காட்டரி வச்சு லேசாச் சுட்டு விட்டேன். தையல் கெடையாது. சீவுனத ஃபார்மலின் போட்ட டப்பாவுல லேபுக்கு அனுப்புனேன். சொந்தக்காரங்களுக்கு வைத்தியம் பாக்கும்போது கண்ணு தனக்கு வேணுங்குறதத்தான் பாக்கும், அதனால ஸ்லைடப் பாக்குற டாக்டருகிட்ட என் சந்தேகம் என்னன்னு மட்டும் எழுதுனேன், யாருன்னு சொல்லல. ஒரு வாரத்துல ரிப்போர்ட்டு வந்துச்சு, ஆஞ்சியோகெரட்டோமா, ரத்தம் ஒறஞ்சது. அன்னைக்கு சாயங்காலம் அவரு அடுக்களைக்குள்ள போயி சட்டியத் தொறந்தாரு. வெந்தயக் கொழம்பு.

ரிப்போர்ட்ட லேமினேட் பண்ணி டீக்கடைக்குக் கொண்டு போனாருன்னு பெரியம்மை சொன்னாங்க. நான் நம்பல, ஆனா பண்ணக்கூடிய ஆளுதான்.

மூணு மாசம் கழிச்சு ஒரு நாள் காலையில ஆறு மணிக்குப் போன். "ஏட்டி, கருப்பு போச்சு சரி. இப்ப அந்த எடம் வெள்ளையா இருக்கே, வெண்குஷ்டமாட்டி இது? டீக்கடையில..."

"வாங்க பெரியப்பா, பாக்கலாம்"ன்னு சொல்லிட்டு ஜெல் பாட்டில்ல எவ்ளோ மிச்சம் இருக்குன்னு ஆட்டிப் பாத்தேன்.